ஒரு செகண்டுக்கு 72 இருட்டு

இப்போ நீங்க இருக்கிற ரூம்ல ஃபேன் ஓடுதா? மொபைல் கேமராவைத் திறந்து அதைப் பாருங்க. கண்ணுக்கு வெறும் புகை மாதிரி தெரியிற ஃபேன், ஸ்க்ரீன்ல மூணு றெக்கையோட மெதுவா சுத்தும். சில சமயம் பின்னாடி கூட சுத்தும். ஃபேன் மாறல. கேமரா விட்டு விட்டுப் பார்க்குது, அவ்வளவுதான்.

இந்த ஒரே ஒரு விஷயத்தை வெச்சு நாங்க ஒரு இன்ஸ்டலேஷன் பண்ணோம். இருட்டான ரூம்ல ஒரு பெரிய தட்டு சுத்தும். மேல லைட் சிமிட்டும். தட்டுல ஒட்டியிருக்கிற படங்கள் நின்ன இடத்துலயே நின்னு ஒரு விசைத்தறியா ஓட ஆரம்பிக்கும். புரொஜெக்டர் கிடையாது, ஸ்க்ரீன் கிடையாது, வீடியோ ஃபைல் கூட கிடையாது. ஆனா அது சினிமாதான்.

இது எப்படி வேலை செய்யுது, நாங்க எங்கெல்லாம் சொதப்பினோம், நீங்க பண்ணா எதை மறக்கக் கூடாது, இதுதான் இந்தக் கட்டுரை. நான் இசிஇ ஃபைனல் இயர். படிச்சது எல்லாம் இங்கிலீஷ் மீடியம். எழுத்துப் பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு

1832ல பெல்ஜியத்துல ஜோசப் பிளாட்டோன்னு ஒரு இயற்பியல் ஆள் ஒரு அட்டை வட்டம் செஞ்சார். வட்டத்தோட ஓரத்துல வரிசையா படங்கள், படங்களுக்கு நடுவுல சின்னச் சின்ன வெட்டு. கண்ணாடி முன்னாடி நின்னு வட்டத்தைச் சுத்திவிட்டு, அந்த வெட்டு வழியா பார்த்தா படம் நகரும். ஏறக்குறைய அதே நேரத்துல வியன்னாவுல ஸ்டாம்ஃபர்னு இன்னொருத்தரும் தனியா இதையே கண்டுபிடிச்சார். 1834ல இங்கிலாந்துல ஹார்னர் அதை ஒரு டிரம் வடிவத்துக்கு மாத்தினார். அதுக்குப் பின்னாடி வந்த பேருதான் ஸோட்ரோப்.

அதுல வெட்டு எதுக்கு? வெட்டு இல்லாம சுத்துனா எல்லாப் படமும் ஒண்ணா இழுத்துக் கலங்கிடும். வெட்டு வழியா பார்க்கும்போது ஒரு படம் ஒரு நொடிப்பொழுது தெரியும், அப்புறம் இருட்டு, அப்புறம் அடுத்த படம். படத்தை விட அந்த இருட்டுதான் முக்கியம். நாங்க வெட்டுக்கு பதிலா லைட்டையே சிமிட்ட வெச்சோம்.

"பார்வை நிலைப்பு"ன்னு நாம ஸ்கூல்ல படிச்சிருப்போம். கண்ணுல ஒரு படம் ஒரு செகண்டுல பதினாறுல ஒரு பங்கு நேரம் தங்கும், அதனாலதான் சினிமா நகருதுன்னு. இது பாதிதான் சரி. படம் கண்ணுலயே தங்கிட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குழம்பத்தானே செய்யும்? உண்மையில ரெண்டு வேற வேற விஷயம் நடக்குது.

ஒண்ணு, அசைவு. கொஞ்சம் கொஞ்சம் மாறின படங்களை வரிசையா காட்டினா நடுவுல இருக்கிற அசைவை மூளையே போட்டு நிரப்பிக்கும். 1912ல மாக்ஸ் வெர்த்தைமர் இதை வெச்சு ஒரு புகழ்பெற்ற ஆய்வு எழுதினார். இதுக்கு செகண்டுக்கு பத்துப் பன்னிரண்டு படம் இருந்தாலே போதும்.

ரெண்டு, சிமிட்டல். லைட் விட்டு விட்டு எரியிறது கண்ணுக்குத் தெரியாம ஒரே வெளிச்சமா தெரியணும்னா செகண்டுக்கு ஏறக்குறைய 50 தடவைக்கு மேல எரியணும்.

அசைவுக்கு 12 போதும், சிமிட்டல் மறைய 50க்கு மேல வேணும். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் நாங்க போய் விழுந்தோம்.

முதல் மெஷின்: கிரைண்டர்

மோட்டாருக்கு எங்க போறது? கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டா சிரிப்பாங்க. 1937ல ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவுலயே முதல் மின் மோட்டாரைச் செஞ்ச ஊர் இது. 1932ல பைக்காரா கரண்ட் வந்ததுல இருந்து மில்லும் பம்புமா வளர்ந்த ஊர். நம்ம ஊர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு.

அதனால உக்கடம் பழைய சாமான் கடையில ஒரு பழைய கிரைண்டரை எடுத்தோம். கல்லும் டிரம்மும் போயிருச்சு, மோட்டாரும் பெல்ட்டும் நல்லா இருந்துச்சு. டிரம் இருந்த இடத்துல 60 செ.மீ. விட்டத்துல ஒரு பிளைவுட் தட்டு. அளந்து பார்த்தோம், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 120 சுத்து. அதாவது செகண்டுக்கு 2.

சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ தட்டுல 12 படம் ஒட்டினா, 12 பெருக்கல் 2, 24. கணக்கு சூப்பரா வந்துருச்சேன்னு துள்ளினோம். ஸோட்ரோப்போட ஃபார்முலாவே இவ்வளவுதான்: படங்களோட எண்ணிக்கை பெருக்கல் செகண்டுக்கு எத்தனை சுத்து, அதுதான் லைட் சிமிட்ட வேண்டிய வேகம்.

12 தறி வரைஞ்சு ஒட்டினோம். வரைஞ்சது எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்தி, ரெண்டாவது வருஷம். ஏன் தறின்னு கேட்டா, எங்க அம்மா ஊர் சோமனூர் பக்கம். அப்புச்சி வீட்டுல தறிச் சத்தம் கேட்டுத்தான் லீவு முழுக்கத் தூங்குவேன். அந்த ஷெட்ல இப்போ பாதித் தறி ஓடுறதில்ல.

லைட்டைப் போட்டோம். மூணு பிரச்சனை வரிசையா வந்துச்சு.

பிரச்சனை 1: படம் நடந்து போயிருச்சு

தறி ஓடுச்சு. ஆனா நின்ன இடத்துல நிக்கல, தட்டோட ஓரத்துலயே மெதுவா ஊர்ந்து போச்சு.

காரணம் உங்க எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் புக்லயே இருக்கு. கிரைண்டர்ல இருக்கிறது இன்டக்ஷன் மோட்டார். நாலு போல் மோட்டார்னா 50 ஹெர்ட்ஸ்ல காந்தப்புலம் நிமிஷத்துக்கு 1500 தடவை சுத்தும், ஆனா ரோட்டார் அதை எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. 1440 மாதிரி கொஞ்சம் பின்தங்கித்தான் சுத்தும். இதுதான் ஸ்லிப். இந்த ஸ்லிப்பும் நிலையா இருக்காது. லோடு மாறினா மாறும், வோல்டேஜ் இறங்கினா மாறும், பெல்ட் சூடானாலும் மாறும்.

எங்க லைட்டோ கறாரா 24லயே சிமிட்டுது. தட்டு வெறும் 1 சதவீதம் மெதுவா ஓடினாலும் செகண்டுக்கு 7.2 டிகிரி பின்தங்கும். 50 செகண்டுல படம் முழுசா ஒரு சுத்து சுத்தி வந்துரும்.

ரெண்டு நாள் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்தோம். அப்புறம்தான் புத்தி வந்துச்சு. மோட்டார் எப்படி வேணா ஓடட்டும், எப்போ எரியணும்னு லைட்டுக்குத் தட்டே சொல்லட்டும். தட்டோட அச்சுல பல் வெட்டின ஒரு சின்ன வட்டம், அதுல ஒரு ஆப்டிகல் சென்சார். பழைய பிரின்டர்ல இருந்து கழட்டினது. ஒரு இடுக்கு சென்சாரைத் தாண்டினா ஒரு சிமிட்டல். மோட்டார் மெதுவானா லைட்டும் மெதுவாகும். படம் நகரவே நகராது.

இதுலயும் ரெண்டு பாடம் கத்துக்கிட்டோம். முதல்ல பல் வட்டத்தை அக்ரிலிக்ல வெட்டினோம். சென்சாரோட இன்ஃப்ராரெட் ஒளி அக்ரிலிக்ல நேரா ஊடுருவிப் போயிருச்சு, சென்சாருக்குப் பல்லே தெரியல. அடுத்து தகட்டுல ஹேக்சா வெச்சுக் கையால வெட்டினோம். சென்சாருக்குத் தெரிஞ்சுது, ஆனா படம் குளிர்ல நிக்கிற மாதிரி நடுங்குச்சு. பல் 10 செ.மீ. ஆரத்துல அரை மில்லிமீட்டர் தப்பினா, அதைவிட மூணு மடங்கு தூரத்துல இருக்கிற படம் 1.5 மி.மீ. ஆடும். கடைசியா லேசர்ல தகடு வெட்டினோம். நடுக்கம் நின்னுருச்சு.

பிரச்சனை 2: படம் கலங்கலா இருந்துச்சு

60 செ.மீ. தட்டு செகண்டுக்கு 2 சுத்துன்னா ஓரத்தோட வேகம் 3.77 மீட்டர். நாங்க லைட்டை ஒவ்வொரு தடவையும் 2 மில்லி செகண்ட் எரிய விட்டோம். அந்த நேரத்துல படம் ஏழரை மில்லிமீட்டர் நகர்ந்துரும். கேமராவுல ஷட்டர் ஸ்பீடு கம்மியா வெச்சா வண்டி இழுத்துக்கிட்டு தெரியுமே, அதே கதைதான்.

கலங்கல் = ஓரத்தோட வேகம் × எரியிற நேரம். இதை 1 மி.மீ.க்குள்ள வெச்சா படம் கூர்மையா தெரியும். அதுக்கு லைட்டை மைக்ரோ செகண்ட் கணக்குல அணைச்சுப் போடணும். வீட்டு எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. அதுக்குள்ள இருக்கிற டிரைவர் சர்க்யூட்ல கெபாசிட்டர் இருக்கு. அணைச்சா அது சாவகாசமா அணையும். டிரைவர் இல்லாத 12 வோல்ட் எல்இடி மாட்யூல் நாலு வாங்கி, ஒரு மாஸ்ஃபெட் வழியா ஆர்டுயினோவுல இருந்து நேரா ஓட்டினோம்.

பிரச்சனை 3: நாங்க யோசிக்கவே இல்லாதது

முதல் ட்ரையல் அன்னிக்கு எல்லாரும் ரூமுக்குள்ள. படம் வரைஞ்ச ஜூனியர் மட்டும் கதவுக்கு வெளியவே நின்னா. "வா, உன் படம்தானே ஓடுது"ன்னு கூப்பிட்டேன்.

"இல்லக்கா. எனக்குச் சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்திருக்கு. இந்த மாதிரி சிமிட்டுற லைட்டைப் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க பாருங்க, நான் இங்கயே இருக்கேன்."

ஒரு வாரமா உட்கார்ந்து வரைஞ்சவ. லைட் சிமிட்டும்னு அவகிட்ட முன்னாடியே ஒருத்தரும் சொல்லல.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். சிமிட்டுற ஒளியால சிலருக்கு வலிப்பு வரும். செகண்டுக்கு ஏறக்குறைய 3ல இருந்து 60 வரைக்கும் உள்ள சிமிட்டல்ல அந்த ஆபத்து இருக்கு, அதுலயும் 15ல இருந்து 25 வரைக்கும் உள்ளதுதான் ரொம்ப மோசம். 1997 டிசம்பர் 16 அன்னிக்கு ஜப்பான்ல போக்கிமான் கார்ட்டூன்ல ஒரு காட்சி, சிவப்பும் நீலமும் செகண்டுக்குப் பன்னிரண்டு தடவை மாதிரி மாறி மாறி வந்துச்சு. 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அதுல பல பேருக்கு அதுக்கு முன்னாடி வலிப்பே வந்ததில்ல.

நாங்க "சினிமா நம்பர்"னு சந்தோஷப்பட்டு வெச்ச 24, அந்த மோசமான இடத்துக்குள்ள நேரா உட்கார்ந்திருந்துச்சு.

அப்போ தியேட்டர்ல ஏன் ஒண்ணும் ஆகல?

இந்தக் கேள்விதான் எங்களை நம்ம ஊர்க் கதைக்குள்ள கொண்டுபோச்சு.

வெரைட்டி ஹால் ரோடு எல்லாருக்கும் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம். அந்தப் பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில ரயில்வே ஆபீஸ்ல வேலை பார்த்தவர். 1905ல டூபாண்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் படம் காட்ட அங்க வந்தார், உடம்பு சரியில்லாம ஊருக்குக் கிளம்ப வேண்டியதாச்சு. சாமிக்கண்ணு அவர்கிட்ட இருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ரயில்வே வேலையை விட்டுட்டு, டென்ட் போட்டு ஊர் ஊரா படம் காட்டினார். 1914ல கோயமுத்தூர்லயே வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். ரோட்டுக்கு வந்தது அந்தப் பேர்தான்.

அந்த மௌனப் படக் காலத்துல படம் செகண்டுக்கு 16 ஃப்ரேம் மாதிரிதான் ஓடும். 16 சிமிட்டல்னா ஜனங்க தலைவலியில எந்திரிச்சு ஓடியிருக்கணும். ஓடல. ஏன்னா புரொஜெக்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒரு தடவை காட்டுறதில்ல. லென்ஸ் முன்னாடி மூணு றெக்கை வெச்ச ஒரு ஷட்டர் சுத்தும். ஃபிலிம் நிக்கிற நேரத்துக்குள்ள அதே ஃப்ரேம் மூணு தடவை திரையில விழும். 16 × 3 = 48. பேசும்படம் வந்து 24 ஆனப்புறம் ரெண்டு தடவை காட்டினா 48, மூணு தடவை காட்டினா 72.

அதாவது அசைவுக்கு ஒரு நம்பர், வெளிச்சத்துக்கு இன்னொரு நம்பர். நான் மேல சொன்ன அந்த இடைவெளியை மெக்கானிக்கலா மூடிட்டாங்க. இதுக்கு ஃபிலிம் நின்னு நின்னு நகரணும். அதைச் செய்யிறதுதான் மால்டீஸ் கிராஸ். மெக்கானிக்கல் பசங்களுக்கு அது ஜெனீவா மெக்கானிசம், தியரி ஆஃப் மெஷின்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வி.

எங்க தட்டு நின்னு நின்னு ஓடாது, சுத்திக்கிட்டே இருக்கும். ஒரே படத்தை ரெண்டு தடவை காட்டினா ரெண்டாவது தடவை அது தள்ளிப் போயிருக்கும். ஸோட்ரோப்ல அசைவோட நம்பரும் சிமிட்டல் நம்பரும் ஒண்ணேதான். அப்போ ஒரே வழி: படங்களை அதிகமாக்கணும்.

ரெண்டாவது மெஷின்

எங்க பக்கம் ஓடுற பழைய சாதா விசைத்தறி நிமிஷத்துக்குச் சுமார் 120 ஊடை போடும். அதாவது அரை செகண்டுக்கு ஒரு ஊடை. நாடா இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போக ஒரு ஊடை, திரும்பி வர இன்னொண்ணு. மொத்தம் ஒரு செகண்ட். தட்டு செகண்டுக்கு ஒரு சுத்து சுத்தினா, ஒரு சுத்துக்குள்ள நாடா போய்த் திரும்பிரும். நிஜத் தறியோட அதே வேகம்.

சிமிட்டல் 72 வேணும், சுத்து 1. அப்போ படம் 72.

வேகத்தைப் பாதியாக்க மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவுல இன்னொரு ஜோடி புல்லி போட்டோம். கணபதியில ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு குடுத்தாங்க. பட்டறை அண்ணன், "ஏந்தம்பி, கிரைண்டரை எதுக்கு மெதுவா ஓட்டோணும், மாவு எப்ப ஆட்டி எப்ப இட்லி சுடறது?"ன்னு என் கிளாஸ்மேட்டைக் கலாய்ச்சார். விஷயத்தைச் சொன்னதும் அவரே லேத்தைக் காட்டி ஒண்ணு சொன்னார். பழைய சோக் வெச்ச ட்யூப் லைட்டுக்குக் கீழ சில வேகத்துல சக் நின்ன மாதிரியே தெரியுமாம். நின்னுருச்சுன்னு நெனச்சுக் கையை வெச்சா போச்சு. அதனால லேத்து மேல தனியா ஒரு குண்டு பல்பு மாட்டியிருக்கார்.

அது நம்ம ஃபார்முலாதான். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல அந்த ட்யூப் லைட் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நாலு தாடை இருக்கிற சக் 1500 ஆர்.பி.எம்.ல, அதாவது செகண்டுக்கு 25 சுத்து ஓடினா, 4 × 25 = 100. எங்க ஆர்ட்டும் அவரோட ஆபத்தும் ஒரே கணக்கு.

தட்டோட அளவு 80 செ.மீ. ஆச்சு. சுற்றளவு 251 செ.மீ., 72 படத்துக்குப் பங்கு போட்டா ஒரு படத்துக்கு 3.5 செ.மீ. அகலம்தான். தறி அகலமானது, எப்படி அடங்கும்? தறியைத் திருப்பி வெச்சோம். நாடா ஓடுற திசையைத் தட்டோட மையத்துல இருந்து ஓரத்தைப் பார்த்து வெச்சா 12 செ.மீ. நீளம் கிடைக்குது. எல்லாத்தையும் ஒரே ஃப்ளெக்ஸ் ஷீட்ல பிரின்ட் போட்டு ஒட்டினோம். 72 துண்டு தனித்தனியா ஒட்டுற வேலை மிச்சம்.

ஓரத்தோட வேகம் இப்போ செகண்டுக்கு 2.51 மீட்டர். லைட் 300 மைக்ரோ செகண்ட் எரிஞ்சா கலங்கல் 0.75 மி.மீ. போதும். ஆனா இன்னொரு கணக்கையும் பாருங்க. 72 தடவை, தடவைக்கு 0.3 மில்லி செகண்ட். ஒரு செகண்டுல மொத்தமே 21.6 மில்லி செகண்ட்தான் வெளிச்சம். மீதி 97.8 சதவீதம் இருட்டு. அதனால ரூமை நல்லா இருட்டாக்கணும், லைட் பவர்ஃபுல்லா இருக்கணும். ஜன்னல்ல சின்ன இடுக்கு இருந்தாலும் அந்த வெளிச்சம் 100 சதவீத நேரமும் எரியுது, அது படத்தைக் கெடுத்துரும்.

ஸ்டார்ட் பண்ணும்போது கவனம்

இது எங்கயும் எழுதி நாங்க பார்க்கல, அதனால தடிமனா நெனச்சுக்கோங்க. லைட்டைத் தட்டே ஓட்டுதுன்னு சொன்னேன் இல்ல? அப்போ மெஷினை ஆன் பண்ணும்போது தட்டு பூஜ்யத்துல இருந்து வேகம் எடுக்கும். சிமிட்டலும் 5, 10, 15, 20ன்னு அந்த மோசமான எல்லையைக் கடந்துதான் 72க்குப் போகும். ஆஃப் பண்ணும்போதும் அதே வழியா இறங்கும்.

தீர்வு கோடுல ரெண்டு வரி. ரெண்டு பல்லுக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு அளக்கணும். 72 சிமிட்டல்னா அது ஏறக்குறைய 13,900 மைக்ரோ செகண்ட். அது 15,000த்தைத் தாண்டினா லைட் எரியவே கூடாது. வேகம் வர்ற வரைக்கும் முழு இருட்டு, வந்ததும் தறி சட்டுன்னு முழுசா தெரியும். பார்க்கிறவங்க அதை எஃபெக்ட்னு நெனச்சாங்க.

இது போதும்னு சொல்ல நாங்க டாக்டர் இல்ல. அதனால கதவுல பெரிய எழுத்துல ஒரு போர்டு: உள்ளே சிமிட்டும் ஒளி இருக்கு, வலிப்பு வந்தவங்க உள்ள வர வேண்டாம். வெளிய ஒரு டேபிள். அதுல இதே 72 படங்களை அடுக்கித் தெச்ச ஃப்ளிப் புக். கட்டைவிரலால விட்டா தறி ஓடும், சிமிட்டுற லைட்டே வேண்டாம். அந்த டேபிளை ஜூனியர்தான் பார்த்துக்கிட்டா. அவ வரைஞ்ச தறி ஓடுறதை அவளே முதல் தடவை பார்த்தது அந்த ஃப்ளிப் புக்லதான்.

அப்புச்சி சொன்னது

ஃபங்ஷனுக்கு நாலு நாள் முன்னாடி அப்புச்சியைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். நாப்பது வருஷம் தறிச் சத்தத்துல நின்னவர், காது சரியா கேக்காது. இருட்டுல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் பெருமையா நின்னேன்.

"ஏஞ்சாமி, அச்சு முன்னால வந்து அடிக்குதே, நாடா இன்னும் நடுப்பாவுல நிக்குது?"

எனக்குப் புரியல. வெளிய வந்து ஃப்ளிப் புக்கை வாங்கி, ஒவ்வொரு தாளா விட்டு விரலால காட்டினார். விழுது ஏறி இறங்கிப் பாவு ரெண்டா பிரியணும். அச்சு பின்னால போகணும். அப்போதான் நாடா ஓடணும். நாடா அந்தப் பக்கம் பெட்டிக்குள்ள போய்ச் சேர்ந்த பிறகுதான் அச்சு முன்னால வந்து ஊடையை அடிக்கணும். "இப்பிடி ஓடுச்சுன்னா பாவு அத்தனையும் அந்துபோகும். நாடா தெறிச்சு ஆளு மேல வுழுகும்."

நாங்க நாடாவை 36 ஃப்ரேமுக்கும் சமமா பங்கு போட்டு நகர்த்தியிருந்தோம். அச்சை அது பாட்டுக்குத் தனியா ஆட்டியிருந்தோம். ஃப்ரேம் ரேட், கலங்கல், சிமிட்டல் எல்லாம் சரி. ஓடின தறி மட்டும் பொய். இருநூறு பேர் பார்த்திருந்தா இருநூறு பேரும் கை தட்டியிருப்பாங்க. ஊர்ல இருந்து வந்த ஒருத்தருக்கு மட்டும் அது தறி இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்.

புக்கை எடுத்துப் பார்த்தா அப்புச்சி சொன்னது அப்படியே டைமிங் டயாகிராமா இருக்கு. அச்சு அடிக்கிற இடத்தை 0 டிகிரின்னு வெச்சா, நாடா சுமார் 110 டிகிரியில பாவுக்குள்ள நுழைஞ்சு 240 டிகிரி வாக்குல வெளிய வரும். எங்களுக்கு ஒரு ஊடைக்கு 36 ஃப்ரேம். 360 டிகிரியை 36ஆல வகுத்தா ஒரு ஃப்ரேமுக்குச் சரியா 10 டிகிரி. அப்போ நாடா பறக்க வேண்டியது 11வது ஃப்ரேம்ல இருந்து 24வது ஃப்ரேம் வரைக்கும் மட்டும்தான். மீதி நேரமெல்லாம் பெட்டிக்குள்ள காத்திருக்கும். 36 ஃப்ரேம் எடுத்து நாங்க ஊர்வலம் விட்டதை நிஜத் தறி 13 ஃப்ரேம்ல முடிச்சிருது.

ஜூனியர் ரெண்டு ராத்திரியில 72 படத்தையும் மாத்திக் குடுத்தா. புது ஃப்ளெக்ஸ் பிரின்ட் ஒட்டி லைட்டைப் போட்டோம். முன்னாடி நாடா ஏதோ மிதந்து போற மாதிரி இருந்துச்சு. இப்போ வெட்டுன மாதிரி பாஞ்சது, நின்னது, அச்சு அடிச்சது, திரும்பிப் பாஞ்சது. சத்தம் எதுவுமே இல்ல. ஆனா பக்கத்துல நின்ன பல்லடத்துப் பையன் ஒருத்தன் வாயாலேயே "டக் டக், டக் டக்"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்.

நீங்க பண்ணணும்னா

கணக்கு எல்லாம் மேல இருக்கு. வரிசையா ஒரு தடவை:

1. எந்த அசைவைக் காட்டப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அது ஒரு தடவை நடக்க எவ்வளவு நேரம் ஆகும்னு அளங்க. தட்டு ஒரு சுத்து சுத்த வேண்டிய நேரம் அதுதான்.
2. சிமிட்டல் 60ஐத் தாண்டணும். அதை வெச்சு எத்தனை படம்னு கணக்குப் போடுங்க. படம் ரொம்பப் பொடியா வந்தா தட்டைப் பெருசாக்குங்க, இல்ல வேகமான அசைவா தேர்ந்தெடுங்க. சிமிட்டலைக் குறைக்காதீங்க.
3. லைட்டைத் தட்டு ஓட்டட்டும். பல் வட்டத்தை லேசர்ல, தகட்டுல வெட்டுங்க.
4. வேகம் வர்ற வரைக்கும் லைட் எரியக் கூடாது. கதவுல போர்டு, வெளிய ஃப்ளிப் புக்.
5. சுத்துற தட்டைச் சுத்தி ஒரு கம்பித் தடுப்பு. இருட்டுல யாரும் கையை நீட்டிரக் கூடாது.
6. பிரின்ட் போடுறதுக்கு முன்னாடி, அந்த வேலையை நிஜமா செய்யிற ஒருத்தர்கிட்ட படத்தைக் காட்டுங்க.

ஆறாவதை நாங்க கடைசியா பண்ணோம். நீங்க முதல்ல பண்ணுங்க, ஒரு ஃப்ளெக்ஸ் காசு மிச்சமாகும். நம்ம ஊர்ல சுத்தாத பொருளே இல்ல. கதிர், பம்ப், லேத், செக்கு, எதை வேணா எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அதோட ஒரு செகண்டை முழுசா தெரிஞ்ச ஒருத்தர் நின்னுக்கிட்டு இருப்பாரு.

ஃபங்ஷன் முடிஞ்சு தட்டைக் கழட்டி லேப்ல வெச்சுட்டோம். அடுத்த பேட்ச் யாருக்காவது வேணும்னா கேளுங்க, கிரைண்டரோட தர்றோம். ஃப்ளிப் புக் மட்டும் கிடையாது. அதை அப்புச்சி வாங்கிட்டுப் போயிட்டார்.